பராத்துக்குள் ஒரு கம்பெனி

ஒரு பிரைவேட் லிமிடெட் கம்பெனியைப் பதிவு செய்ய எத்தனை நாள் ஆகும் என்ற கேள்விக்குத் தஸ்லிமா ஆளுக்கொரு பதில் வைத்திருந்தாள். ஸ்ரீரங்கத்தில் அவள் வேலை பார்க்கும் ஆடிட்டர் அழகியமணவாளனின் ஆபீசுக்கு வந்து ஃபேனுக்கு அடியில் உட்காரும் பார்ட்டிகளிடம், "பேப்பர் சரியா இருந்தா பத்துப் பன்னண்டு நாள்ல வந்துடும் சார்" என்பாள். ரொம்ப அவசரப்படுத்துகிறவர்களிடம், "கவர்மெண்ட் கையில இருக்கு சார், நம்ம கையில என்ன இருக்கு" என்பாள். வீட்டில் கேட்டால் மட்டும் வாயைத் திறக்க மாட்டாள். தட்டை நகர்த்திவிட்டுக் கை கழுவப் போய்விடுவாள்.

வீட்டில் கேட்காத நாள் கிடையாது. பெரிய கடை வீதிக்குப் பின்னால், இரண்டு ஸ்கூட்டர் எதிரெதிரே வந்தால் ஒன்று பின்வாங்கியே தீர வேண்டிய சந்தில் அவர்கள் வீடு. சந்துக்குள் காலை வைக்கும்போதே வறுபடும் அரிசி நொய்யின் வாசனை வரும். பிறகு பாசிப்பருப்பு, வெந்தயம், பட்டை. கடைசியில், மாடியில் காயும் புதினா. எல்லாம் சேர்ந்தால் நோன்புக் கஞ்சி மிக்ஸ். பாக்கெட்டைப் பிரித்துத் தண்ணீரில் கொட்டிக் கொதிக்கவிட்டால் பள்ளிவாசல் கஞ்சி மாதிரியே வரும்.

அந்த யோசனை யாருடையது என்பது இப்போது யாருக்கும் ஞாபகம் இல்லை. தஸ்லிமாவுக்கு இருந்தது. கொரோனா வருஷத்து நோன்பில் பள்ளிவாசலில் கஞ்சி காய்ச்சக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். தூக்குவாளியோடு வரிசையில் நின்று பழகிய தெரு, சாயங்காலமானால் என்ன செய்வதென்று தெரியாமல் முழித்தது. பி.காம். முதல் வருஷம் படித்துக்கொண்டிருந்த தஸ்லிமாதான், "அம்மா, வறுத்து அரைச்சு பாக்கெட் போட்டுக் குடுத்தா வீட்லயே காய்ச்சிக்குவாங்கல்ல" என்றாள். லேபிளை அவளே வரைந்தாள். சத்திரம் பஸ் ஸ்டாண்டுக் கொரியர் ஆபீசுக்குக் கட்டைப்பையை அவளே தூக்கிக்கொண்டு அலைந்தாள். அன்றைக்கு அல்ஷிஃபா என்று ஒருத்தி உலகத்தில் இருப்பதே இந்த வீட்டுக்குத் தெரியாது.

அல்ஷிஃபா அண்ணன் பெண்டாட்டி. உப்பிலியபுரத்துப் பெண், பிளஸ் டூ வரை படித்தவள், தஸ்லிமாவைவிட இரண்டு வயது சின்னவள். அண்ணன் சர்ஃபராஸ் ஷார்ஜாவில் ஒரு சூப்பர் மார்க்கெட்டின் குடோனில் வேலை பார்த்தான். நிக்காஹ் முடித்து லீவு தீர்ந்ததும் அவன் விமானம் ஏறிவிட்டான். அவள் இங்கே தங்கிவிட்டாள். தங்கினவள் சும்மா இல்லாமல், முகத்தைக் காட்டாமல், வளையல் போட்ட கையை மட்டும் காட்டிக் கஞ்சி கிண்டும் வீடியோ எடுத்துப் போட ஆரம்பித்தாள். "அஸ்ஸலாமு அலைக்கும் மக்களே, கஞ்சியைப் பாத்தீங்களா, கரண்டியில இருந்து எப்படி எறங்குது பாருங்க." இவ்வளவுதான் பேச்சு. அதற்கு மலேசியாவிலிருந்துகூட ஆர்டர் வந்து விழுந்தது. வீட்டில் எல்லோரும் அந்தக் கையைப் புகழ்ந்தார்கள். லேபிள் வரைந்த கையைப் பற்றி ஒருத்தரும் பேசவில்லை.

இந்தச் சமயத்தில்தான் சென்னையிலிருந்து ஹாலித் என்ற ஏற்றுமதிக்காரர் பேசினார். வளைகுடாக் கடைகளுக்கு நோன்புச் சரக்கு அனுப்புகிறவர். இந்த ரமலானுக்கு அவர்களுடைய கஞ்சி மிக்ஸை எடுத்துக்கொள்ளத் தயார். ஆனால் வீட்டுத் தொழிலிடம் வாங்க மாட்டார்கள், பிரைவேட் லிமிடெட் கம்பெனியாக இருக்க வேண்டும். நோன்புக்குப் பதினைந்து நாளுக்கு முன்னால் வரும் பராத் இரவுக்குள் கம்பெனிச் சான்றிதழ் அவர் கையில் இருக்க வேண்டும். இல்லையென்றால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார்.

ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்து எல்லோரும் சாப்பிட உட்கார்ந்த நேரத்தில் சர்ஃபராஸ் வீடியோ காலில் வந்தான். போனைத் தண்ணீர்ச் சொம்பில் சாய்த்து வைத்தார்கள். தால்ச்சாவில் இருந்த எலும்பை அம்மா ஜஹானாரா மருமகள் தட்டில் போட்டாள். அது முன்பெல்லாம் மகள் தட்டுக்கு வரும் எலும்பு. "புருஷன் தூரத்துல இருக்கற புள்ள" என்று அதற்கு ஒரு காரணம் வேறு.

"ரெண்டு டைரக்டர் வேணும்ல? அம்மாவும் அல்ஷிஃபாவும் இருக்கட்டும்" என்றான் சர்ஃபராஸ்.

"நான்?" என்றாள் தஸ்லிமா.

"நீ எதுக்கு? நீதான் எல்லா வேலையும் பாக்கப்போறியே."

"வேலை பாக்கறவ பேரு வேணாமா?"

"லூசு மாதிரி பேசாத. நாளைக்கு உன்னைக் கட்டிக் குடுத்தா உன் மாப்பிள்ளை வந்து பங்கு கேப்பாரு. குடும்பத்துக்குள்ள எதுக்கு அந்தப் பேச்செல்லாம்?"

"மாப்பிள்ளையே இன்னும் வரல. அதுக்குள்ள அவரு பங்கு கேட்டுட்டாரா?"

சின்னக்கடை வீதியில் ஒரு ரெடிமேட் கடையில் பில் போடும் அத்தா நஜிமுதீன், சோற்றைப் பிசைந்தபடியே, "சாப்புடற எடத்துல என்னம்மா. அவன் சொல்றதுலயும் ஒரு இது இருக்கு" என்றார். அந்த 'இது' என்ன என்று அவர் கடைசிவரை சொல்லவில்லை.

"பேரு கூட யோசிச்சுட்டேன்" என்றான் சர்ஃபராஸ். "அல்ஷிஃபா ஃபுட்ஸ். ஷிஃபான்னா நோய் குணமாகறது. கஞ்சிக்கு இதைவிட நல்ல பேரு கெடைக்குமா?"

"மாஷா அல்லா" என்றாள் ஜஹானாரா.

அல்ஷிஃபா தலையைக் குனிந்துகொண்டாள். குனிந்தாலும் அந்தச் சிரிப்பைத் தஸ்லிமா பார்த்துவிட்டாள். தட்டில் இருந்த சோறு அதற்கு மேல் அவளுக்கு இறங்கவில்லை. சான்றிதழில் அந்தப் பெயர், பெட்டியில் அந்தப் பெயர், கப்பலில் அந்தப் பெயர். அத்தனையையும் டைப் அடித்து அனுப்பப்போவது இவள். ஒரு டிகிரி வாங்கி, அதற்காகக் காலேஜ் ஃபீஸ் கவுண்டரில் அத்தாவோடு கூனிக்குறுகி நின்று, கடைசியில் பிளஸ் டூ படித்தவளின் பெயரைத் தப்பில்லாமல் டைப் அடிக்கத்தான் அந்த டிகிரி பயன்பட்டது.

"சரி" என்றாள் தஸ்லிமா. அவள் அவ்வளவு சுலபமாகச் சரி சொன்னதை யாராவது கவனித்திருக்க வேண்டும்.

மறுநாள் ஆபீசில் சிஸ்டத்தைத் திறந்தாள். வடக்குச் சித்திரை வீதியில் ஒரு பழைய வீட்டின் முன்பாதிதான் ஆபீஸ். ஜன்னலுக்கு வெளியே துளசி மாலைக்காரி தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள். பெயரைத் தேடிப் பார்த்தாள் தஸ்லிமா. பார்க்காமலே அவளுக்குத் தெரியும். அந்தப் பெயரை ஒட்டி மருந்து, ஆஸ்பத்திரி, மசாலா என்று ஏற்கெனவே ஒரு பெரிய கூட்டமே இருந்தது. நிச்சயம் திருப்பி அனுப்பிவிடுவார்கள். இப்படி வரும் என்று தெரிந்துதான் விண்ணப்பத்திலேயே இரண்டு பெயர் கேட்கிறார்கள். ஒன்று போனால் இன்னொன்று நிற்கும். ஆபீசுக்கு வரும் ஒவ்வொரு பார்ட்டியிடமும், "ரெண்டாவது பேரு ஒண்ணு யோசிச்சுட்டு வாங்க சார்" என்று சொல்லி அனுப்புவதே அவள்தான்.

முதல் கட்டத்தில் அல்ஷிஃபா ஃபுட்ஸ் என்று அடித்தாள். இரண்டாவது கட்டத்தில் கர்சர் மின்னி மின்னி நின்றது. கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு காலியாகவே அனுப்பிவிட்டாள்.

எந்தப் பொய்யும் சொல்லவில்லை. வீட்டில் கேட்டதைத்தானே செய்தாள்? எத்தனை நாள் வேண்டுமானாலும் ஆகட்டும். பஸ்ஸில் திரும்பும்போது காவிரிப் பாலத்துக் காற்று முகத்தில் அடித்தது. வயிற்றில் இருந்த எரிச்சல் கொஞ்சம் அடங்கின மாதிரி இருந்தது. பஸ் சத்திரம் வந்து சேர்வதற்குள் அது மறுபடி பிடித்துக்கொண்டது.

எதிர்பார்த்தபடியே பெயர் திரும்பி வந்தது. முதலில் பார்த்தவர் ஆடிட்டர்.

"ஏம்மா தஸ்லிமா" என்றார் அழகியமணவாளன். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, அவளைப் பார்க்காமல் ஸ்க்ரீனையே பார்த்தார். "உங்காத்துக் கம்பெனிதானே இது? ஏன் ஒரே ஒரு பேரோட நிறுத்திண்டே?"

"அவங்க ஒண்ணுதான் சொன்னாங்க சார்."

"அவா சொல்லுவா. சொன்னதை அப்படியே அடிக்கறதுக்கு பிரவுசிங் சென்டர் இருக்கே, நாம எதுக்கு? ஊர்ல இருக்கறவாளுக்கெல்லாம் ரெண்டு பேர் கேட்டு வாங்கற பொண்ணு நீ. சொந்த விஷயத்துல கோட்டை விட்டுட்டியே." அவர் கண்ணாடியை இறக்கினார். "போறது. அடுத்த தடவை ரெண்டு பேர் போடு. பெருமாள் பாத்துப்பார். அதுக்குள்ள டிஜிட்டல் கையெழுத்து வேலையை முடிச்சு வெச்சுக்கோ."

வீட்டில் சொன்னபோது ஜஹானாரா அடுப்புக்கு முன்னால் அண்டாவில் நொய் வறுத்துக்கொண்டிருந்தாள். தை மாதக் குளிர் வெளியேதான், அடுக்களைக்குள் வேர்த்துக் கொட்டியது. கரண்டியை நிறுத்தினால் அடி பிடித்துவிடும் என்பதால் கிண்டிக்கொண்டே, "திரும்பி வந்துடுச்சா? அப்படின்னா மறுபடி எத்தனை நாள்?" என்றாள்.

"அது அவங்க இஷ்டம்."

"பராத்துக்குள்ள வந்துடுமா? நொய் மூட்டை வேற எறக்கியாச்சே. அந்தாளு வேற ஆளைப் பாத்துட்டாருன்னா இவ்வளவையும் நாமளா குடிக்கறது?"

பாசிப்பருப்பைச் சல்லடையில் சலித்துக்கொண்டிருந்த அல்ஷிஃபா தஸ்லிமாவை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தாள். திரும்பவும் சலித்தாள்.

டிஜிட்டல் கையெழுத்து என்றால் பேனா பிடிக்கிற கையெழுத்து இல்லை. பான் கார்டைக் கன்னத்துக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு, கேமராவைப் பார்த்து, கார்டில் உள்ளபடி முழுப் பெயரையும் வாயால் சொல்ல வேண்டும். அந்த வீடியோ சரியாக இருந்தால்தான் கம்ப்யூட்டரில் செருகுகிற கையெழுத்தைத் தருவார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் வெள்ளைச் சுவரை ஒட்டி நாற்காலி போட்டார்கள்.

அல்ஷிஃபா முதலில் உட்கார்ந்தாள். முக்காட்டைச் சரி செய்துகொண்டு, கார்டைப் பிடித்து, "என் பெயர் அல்ஷிஃபா சர்ஃபராஸ்" என்று ஆரம்பித்து ஒரே மூச்சில் முடித்துவிட்டாள். புருஷன் பெயர் அவள் வாயில் சாக்லேட் மாதிரி உருண்டது. தினமும் போனோடு பேசுகிறவளுக்கு இதெல்லாம் என்ன பிரமாதம் என்று தஸ்லிமா நினைத்துக்கொண்டாள்.

அடுத்து ஜஹானாரா.

"என் பெயர் ஜஹானாரா" என்று சொல்லிவிட்டு நிறுத்தினாள்.

"மீதியைச் சொல்லும்மா."

"மீதிதான் கார்டுல இருக்கே. பாத்துக்கச் சொல்லு."

"வாயால சொல்லணும்மா. ஜஹானாரா நஜிமுதீன்னு."

ஜஹானாரா அதிர்ந்துபோய் மகளைப் பார்த்தாள். "உங்கத்தா பேரை நான் எப்படிடி சொல்லுவேன்? கட்டிக்கிட்ட நாள்லேருந்து நான் சொன்னதே இல்ல."

அது உண்மை. கடைக்குப் போன் செய்தால்கூட, "தஸ்லிமா அத்தா இருக்காங்களா" என்றுதான் கேட்பாள். ஆஸ்பத்திரியில் கேட்டபோது பக்கத்துக் கட்டில்காரியைச் சொல்லச் சொன்னவள். பான் கார்டு எடுத்த இடத்தில், கடைசிப் பெயர் என்று ஒரு கட்டம் காலியாக இருக்கக் கூடாதென்று அந்தப் பையன் புருஷன் பெயரைப் போட்டுவிட்டான். அன்றைக்கு அது யாருக்கும் ஒரு தப்பாகத் தெரியவில்லை. எழுத்தில் இருந்தால் என்ன, யார் வாயால் சொல்லப்போகிறார்கள்?

"ஒரு தடவைதான்மா. கல்லுலயா பொறிக்கப்போறாங்க?"

"மாட்டேன்."

உள்ளே தினசரியை விரித்துக்கொண்டிருந்த நஜிமுதீன், "சொல்லேன் ஜஹானாரா. நான் வேணா காதைப் பொத்திக்கறேன்" என்றார்.

"நீங்க பேசாம இருங்க."

"நான் தெருவுல போய் நிக்கட்டுமா?"

"தெருவுல நின்னா தெருவுக்கே தெரியும், எதுக்கு நிக்கறீங்கன்னு."

அல்ஷிஃபா சிரிப்பை அடக்க முடியாமல் முக்காட்டால் வாயை மூடிக்கொண்டாள். "மாமி, நீங்க வாயை மட்டும் அசைங்க. பின்னாடி நின்னு நான் சொல்லிடறேன். ரீல்ஸ்ல எல்லாரும் அப்படித்தானே பண்றாங்க."

"அது ஃபிராடு" என்றாள் தஸ்லிமா.

மூன்றாம் தடவை ஜஹானாரா கண்ணை மூடிக்கொண்டு, பிஸ்மி சொல்லி, "என் பெயர் ஜஹானாரா" என்று தொடங்கினாள். "தஸ்லிமா அத்தா" என்று முடித்தாள். கண் மூடியிருந்ததற்கும் பெயர் தவறியதற்கும் சேர்த்து வீடியோ திரும்பி வந்தது. கார்டில் பெயரை மாற்றலாம். அதற்குத் தனியாக நாள் ஆகும்.

அன்று மக்ரிப் தொழுகைக்குப் பிறகு சர்ஃபராஸ் பேசினான். நடந்ததைக் கேட்டுச் சிரித்தான். சிரித்து முடித்ததும், "அப்ப அம்மாவை விட்டுடுங்க. என் பேரைப் போடு. நானே டைரக்டர்" என்றான்.

ஜஹானாரா பான் கார்டை எடுத்துப் பெட்டிக்குள் வைத்தாள். அவன் பேசிக்கொண்டே போனான்.

"நல்லதாப் போச்சு. நானும் எவ்வளவு நாள்தான் இங்க மூட்டை எண்ணிக்கிட்டு இருக்கறது? கம்பெனி வந்துடுச்சுன்னா வேலையை விட்டுட்டு ஊருக்கு வந்துடுவேன். எல்லாத்தையும் நானே பாத்துக்கறேன். அல்ஷிஃபா, அந்த வீடியோ எல்லாம் அதுக்கு மேல வேணாம். கம்பெனின்னு ஆனப்பறம் வீட்டுப் பொம்பளை கையை ஊரே பாக்கறது நல்லா இருக்காது. ஆள் வெச்சு எடுத்துக்கலாம். நீ கையெழுத்து மட்டும் போட்டா போதும்."

"சரிங்க" என்றாள் அல்ஷிஃபா.

தஸ்லிமா அவள் முகத்தைப் பார்த்தாள். பார்க்கச் சுகமாகத்தான் இருந்தது. கொஞ்ச நேரம்தான். "எல்லாத்தையும் நானே பாத்துக்கறேன்" என்ற வார்த்தை பிறகுதான் உள்ளே இறங்கியது. அந்த எல்லாவற்றிலும் இவள் வரைந்த லேபிளும் இருந்தது.

மறுநாள் காலை வெயில் வந்ததும் இருவரும் மாடியில் வெள்ளைத் துணி விரித்து, முந்தின நாள் வறுத்த நொய்யைப் பரப்பினார்கள். பனி ஏறிவிட்டால் கட்டிபிடிக்கும். வெயில் வந்த பிறகுதான் விரிக்க வேண்டும், ஏறின வெயிலில் விட்டுவிடவும் கூடாது. சந்துக்கு மேலே மலைக்கோட்டையின் பாறை, காலை வெயிலில் காய்ந்த வெல்லக்கட்டி நிறத்தில் நின்றது. கீழே மொத்தக் கடைகளின் ஷட்டர்கள் ஒவ்வொன்றாக ஏறும் சத்தம் கேட்டது.

"அக்கா" என்றாள் அல்ஷிஃபா. கையால் நொய்யை நிரவிக்கொண்டே பேசினாள். "பேரு போடற எடத்துல ரெண்டு கட்டம் இருக்குமாமே?"

தஸ்லிமாவின் கை நின்றது. "யாரு சொன்னா?"

"யூடியூப்ல ஒரு அண்ணன் சொல்லித் தராரு. கம்பெனி ஆரம்பிக்கறது எப்படின்னு."

"எப்ப பாத்தே?"

"நீங்க அனுப்பறதுக்கு முதல் நாளு."

"அப்ப ஏன் எங்கிட்ட கேக்கல?"

"நீங்க ஒண்ணோட நிறுத்துவீங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்? திரும்பி வந்தப்பறம்தான் தெரிஞ்சுது." அல்ஷிஃபா நிமிர்ந்தாள். "என் பேரு வரக் கூடாதுன்னுதானே?"

மாடியில் ஓடி ஒளிய இடமில்லை. "ஆமா" என்றாள் தஸ்லிமா.

"நெனச்சேன்."

"அம்மாகிட்ட சொல்ல வேண்டியதுதானே. அன்னைக்கே சொல்லியிருந்தா என் மானத்தை வாங்கியிருக்கலாம்."

"சொல்லத்தான் இருந்தேன். வாய் வரைக்கும் வந்துடுச்சு." அல்ஷிஃபா துணியின் ஓரத்தில் உட்கார்ந்தாள். "அவரு எங்கிட்ட தனியாப் பேசும்போதெல்லாம் இதையேதான் சொல்லிக்கிட்டு இருந்தாரு. கம்பெனி வரட்டும், வந்துடறேன், வீடியோவை நிறுத்திடுன்னு. லேட் ஆனா ஆகட்டுமேன்னு நானும் விட்டுட்டேன்."

"புருஷன் வரது புடிக்கலையா?"

"வரட்டும். வந்தா வேணாம்னா சொல்லப்போறேன்? வந்து அவரு பாட்டுக்கு இருந்தா பரவால்ல. இருக்க மாட்டாரே." ஒரு பிடி நொய்யை எடுத்து விரல் இடுக்கில் ஒழுகவிட்டாள். "எங்க ஊர்ல எங்கத்தா மரவள்ளி போடுவாரு. நாங்க அஞ்சு பொண்ணுங்க. புடுங்கறது, மண்ணு தட்டறது, லாரில ஏத்தறது எல்லாம் நாங்கதான். லாரிக்காரன் வந்தா மட்டும் எங்களை உள்ள போகச் சொல்லிடுவாரு. இங்க வந்துதான் என் கையை நாலு பேரு பாத்தாங்க."

தஸ்லிமா கட்டிபிடித்திருந்த நொய்யை விரலால் உதிர்த்தாள்.

"உங்களைப் பாத்தா எனக்கு ஆகாது, தெரியுமாக்கா? காலையில பையை மாட்டிக்கிட்டு, செருப்பைத் தட்டிக்கிட்டு எறங்குவீங்கல்ல. அந்தச் சத்தம் கேட்டாலே வயிறு எரியும். எங்க போறேன்னு இவங்களை ஒருத்தரும் கேக்க மாட்டேங்கறாங்களேன்னு இருக்கும். பஸ்ஸு, பாலம், ஆத்துக் காத்து. ஏதோ சீமைக்குப் போற மாதிரி போவீங்க."

ஸ்ரீரங்கத்துக்கு ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போவதைப் பார்த்து ஒருத்தி பொறாமைப்படுகிறாள். அது தஸ்லிமாவுக்கு இனித்தது. இப்படி இனிக்கக் கூடாது என்று தோன்றிய பிறகும் இனித்தது. இத்தனை நாள் இவள்தான் அடுத்தவள் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவரு பேரு வேணாம்" என்றாள் அல்ஷிஃபா. "உங்க பேரைப் போடுங்க."

"உனக்கு அதுல என்ன வருது?"

"உங்களோட சண்டை போடலாம். அவரோட சண்டை போட முடியாது."

தஸ்லிமாவுக்குச் சிரிப்பு வந்தது. "சரி. கம்பெனிக்கு உன் பேரு கெடையாது."

"தெரியுமே. உங்க பேரும் கெடையாது."

"நான் கேக்கவே இல்லையே."

"கேப்பீங்க. ரெண்டாவது கட்டத்துல போட்டுட்டு, அம்மா சொன்னாங்கம்பீங்க."

கொஞ்ச நேரம் இருவரும் வாயாலேயே பெயர்களை எழுதி அழித்தார்கள். கோட்டைக் கஞ்சி என்றாள் ஒருத்தி, சாராயக் கடை மாதிரி இருக்கிறது என்றாள் இன்னொருத்தி. கடைசியில் ஜஹானாரா கஞ்சி ஃபுட்ஸ் என்பதில் வந்து நின்றார்கள். மாமியார் பெயர் என்றால் இருவருக்கும் நட்டமில்லை. இரண்டாவது கட்டத்துக்கு ஜஹானாரா நோன்பு ஃபுட்ஸ்.

அன்று மத்தியானம் ஆபீசிலிருந்தே தஸ்லிமா அண்ணனுக்குப் போன் போட்டாள்.

"உன் பேரைப் போடணும்னா நீ அங்க இருந்து பேப்பர் அனுப்பணும். எல்லாத்துக்கும் அங்கயே அத்தாட்சி வாங்கணும். கான்சுலேட், நோட்டரின்னு அலையணும். உனக்கு லீவு குடுப்பாங்களா?"

"எத்தனை நாள் ஆகும்?"

"நீ இல்லாட்டி பராத்துக்குள்ள வந்துடும். நீ இருந்தா நோன்பு பொறந்துடும். ஹாலித் பாய் அதுவரைக்கும் இருக்க மாட்டாரு."

"சும்மா பயமுறுத்தாத."

"ஆடிட்டர் சார் இங்கதான் இருக்காரு. ஸ்பீக்கர்ல போடட்டுமா?"

அந்த மாதத்தில் நாள் கணக்கைப் பற்றி அவள் வீட்டுக்குச் சொன்ன முதல் உண்மை அது. அவன் ஸ்பீக்கர் வேண்டாம் என்றான். "சரி. அப்ப உன் பேரைப் போட்டுக்க. இப்போதைக்கு."

"இப்போதைக்குன்னு ஒரு கட்டம் அதுல கெடையாது" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாள்.

இந்த முறை பெயர் நின்றுவிட்டது. மீதி விவரங்களை நிரப்ப ஆபீஸ் லேப்டாப்பை வீட்டுக்கு எடுத்துப் போக அழகியமணவாளன் சம்மதித்தார். போகும்போது கூப்பிட்டு ஒரு வார்த்தை சொன்னார்.

"பங்கைப் பாதிப் பாதியா வெச்சுக்காதேம்மா. நாளைக்கு ரெண்டு பேரும் முட்டிண்டா கம்பெனி அப்படியே நின்னுடும். யாராவது ஒருத்தருக்கு ஒரே ஒரு ஷேர் கூட இருக்கட்டும். அது போறும், முடிவு பண்ணிடலாம்."

கூடத்தில் லேப்டாப்பை வைத்துத் தஸ்லிமா நிரப்பினாள். பின்னால் அல்ஷிஃபா நின்றாள். அவள் கையில் வெங்காய வாசனை. ஆடிட்டர் சொன்னதைத் தஸ்லிமா மறைக்கவில்லை. மறைத்தால் யூடியூப் அண்ணன் சொல்லிவிடுவார்.

"அந்த ஒண்ணு யாருக்கு?" என்றாள் அல்ஷிஃபா.

"நான்தான் ஆரம்பிச்சேன்."

"நான்தான் வித்தேன்."

"நான் ஆரம்பிக்கலன்னா விக்கறதுக்கு என்ன இருந்திருக்கும்?"

"நான் வரலன்னா சத்திரத்துல கட்டைப்பையோட நின்னுக்கிட்டு இருப்பீங்க."

ஜஹானாரா அடுக்களையிலிருந்து, "என்னங்கடி அங்க?" என்றாள். இருவரும் ஒரே குரலில், "ஒண்ணுமில்ல" என்றார்கள்.

அந்த ஒரு ஷேரைத் தூக்கிக் கொடுத்துவிட்டால் பெரிய மனுஷியாகிவிடலாம் என்று தஸ்லிமாவுக்குத் தோன்றியது. தோன்றியதே தவிர விரல் அசையவில்லை. அல்ஷிஃபாவும் விட்டுக்கொடுக்கிற மாதிரித் தெரியவில்லை.

"முட்டிக்கட்டும்" என்றாள் அல்ஷிஃபா. "பாதிப் பாதி போடுங்க."

தஸ்லிமா போட்டாள். "சரி, நீ போ. வெங்காயம் கருகுது."

"அழுத்துங்க. பாத்துட்டுப் போறேன்."

அழுத்தினாள். போய்ச் சேர்ந்துவிட்டது என்று ஸ்க்ரீனில் வந்தது. அல்ஷிஃபா நகரவில்லை. "திறந்து காட்டுங்க" என்றாள். தஸ்லிமா திறந்து காட்டினாள். இரண்டு வரிசையிலும் விரலை வைத்து, எண்களை ஒவ்வொன்றாகச் சரிபார்த்துவிட்டுத்தான் அவள் அடுக்களைக்குப் போனாள். அவள் போனதும் தஸ்லிமாவும் ஒருமுறை சரிபார்த்துக்கொண்டாள்.

சான்றிதழ் பராத்துக்கு இரண்டு நாள் முன்னதாக ஆபீஸ் மெயிலுக்கு வந்தது. உச்சிவேளை. ஆபீசில் அவளைத் தவிர யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. நம்பரும் முத்திரையுமாக ஒரே ஒரு பக்கம். கம்பெனி பெயர் மட்டும் இருந்தது, எந்த டைரக்டர் பெயரும் அதில் கிடையாது. வீட்டு வாட்ஸ்அப் குரூப்பில் போட்டாள். பிறகு சோற்று டப்பாவைக்கூடத் திறக்காமல், ஹாலித்துக்கு ஒரு மெயில் எழுத உட்கார்ந்தாள். மதிப்பிற்குரிய ஐயா என்று தொடங்கி, அடித்து, திருத்தி, கீழே தஸ்லிமா, டைரக்டர் என்று போட்டு, அந்தச் சொல்லை இரண்டு தடவை வாசித்துப் பார்த்து அனுப்பினாள்.

பதில் உடனே வந்தது. 'அல்ஷிஃபா மேடம் இப்பத்தான் வாட்ஸ்அப்பில் அனுப்பிப் பேசினாங்க. மாஷா அல்லா. சரக்கு பத்தி எல்லாம் அவங்களோட முடிச்சாச்சு.'

தஸ்லிமா அதை இன்னொரு தடவை படித்தாள். காதுமடல் சுட்டது. என்ன விலைக்கு முடித்தாள், யாரைக் கேட்டு முடித்தாள், பாதிப் பங்குக்காரி ஒருத்தி இங்கே உயிரோடு இருப்பது நினைவிருக்கிறதா இல்லையா. லேப்டாப்பை மூடினாள். பையை மாட்டிக்கொண்டாள்.

"சார், நான் இன்னைக்குச் சீக்கிரம் கெளம்பறேன்."

"போயிட்டு வா. கம்பெனி வந்தாச்சு, ஆத்துல விசேஷமா?" என்றார் அழகியமணவாளன்.

"இல்ல சார். கம்பெனி விஷயமா ஒரு சண்டை இருக்கு."